மருதக்கரையின் கடைசி வரப்பு

“இன்னும் பத்து வருஷம். அதுக்கு மேல போகாது. உங்க பேரப்பிள்ளைங்க வரப்புன்னா என்னன்னு கேட்டா, நீங்க அதுங்கள ரயிலேத்தி மெட்ராஸ் மியூசியத்துக்கு அழைச்சுக்கிட்டுப் போகணும். அங்க கண்ணாடிப் பெட்டிக்குள்ளாற கொஞ்சம் மண்ணு வச்சிருப்பான். அதைக் காட்டி, இதாண்டா வரப்பு, இதை வச்சுத்தான் ஒருத்தன் இன்னொருத்தனைக் கொள்ளையடிச்சான்னு சொல்லிக் குடுக்கணும்.”

மே தினக் கூட்டத்தில் தோழர் தியாகராசன் இப்படிச் சொன்னபோது மருதக்கரை கைதட்டியது. கழகம் கோட்டையைப் பிடித்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. மேடையில் யார் எதைச் சொன்னாலும் முதலில் கைதட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் யோசித்துக்கொள்வது என்று தஞ்சாவூர் ஜில்லா பழகியிருந்த காலம். மருதக்கரை பாபநாசத்துக்குத் தெற்கே இருக்கிறது. பஸ் அங்கே நிற்காது. மரியாதைக்காக வேகத்தைக் குறைத்துக் காட்டும்.

கைதட்டல் அடங்கியதும் பெண்கள் பக்கத்திலிருந்து பொன்னுத்தாய் எழுந்தாள். பண்ணையாள் வீட்டுப் பெண். புருஷன் பாம்பு கடித்துப் போய்விட்டான். இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு நடவு, களை, அறுப்பு என்று ஊரான் வயலில் முதுகு நிமிராமல் காலம் தள்ளுகிறவள்.

“ஒரு சந்தேகங்க தோழரே. வரப்பு இல்லாட்டி வயலுக்கு எதுமேல நடந்து போறது?”

கூட்டம் சிரித்தது. தோழர் சிரிக்கவில்லை. உலகத்தைத் திருத்த வந்தவர்களுக்குச் சிரிப்பதற்கு நேரம் ஒதுக்கப்படவில்லை.

“அது நடைமுறைப் பிரச்சினை. நான் பேசறது தத்துவம். நடைமுறையைப் பிற்பாடு பார்த்துக்கலாம்.”

அப்படிப் பிற்பாடு பார்த்துக்கொண்ட வரலாறு பின்வருமாறு.

தோழர் தியாகராசன் பிறந்தது ஆறு மா நஞ்சை உள்ள வீட்டில். இரண்டு ஏக்கர். பெரிய சொத்தில்லை; ஆனால் பசியை நேரில் சந்தித்துப் பேசவேண்டிய அவசியமும் இல்லை. கும்பகோணத்தில் இன்டர்மீடியட் படித்தார். கல்விமுறை முழுக்க முழுக்க முதலாளித்துவத் தன்மை கொண்டது என்ற உண்மை அவருக்கு முதன்முதலாகப் புலப்பட்டது, பரீட்சை முடிவு வந்த அன்று. மறுபடி எழுதினார். மறுபடியும் அதே உண்மை புலப்பட்டது. ஊருக்குத் திரும்பி, சிவப்புத் துண்டு ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பக்கத்தில் சிவப்புக் கொடி செய்த காரியங்களில் எள்ளி நகையாட முடியாத பகுதி ஒன்று உண்டு. பண்ணையாளைச் சவுக்கால் அடித்துச் சாணிப்பால் புகட்டிய கைகளை மடக்கியது அந்தக் கொடிதான். அரை மரக்கால் நெல் கூடக் கேட்டதற்காக ஜெயிலுக்குப் போனவர்கள் இருந்தார்கள். திரும்பி வராதவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பற்றி இந்த எழுத்தில் ஒரு சொல் தவறாக வராது. ஏனென்றால் அவர்களில் தியாகராசன் இல்லை. அவர்கள் அடிவாங்கிய வருஷங்களில் அவர் இன்டர்மீடியட்டில் இருந்தார். அடி ஓய்ந்த பிறகு வந்து, அடிபட்டவர்களுக்கு அடிக்கு அர்த்தம் சொல்லிக்கொடுத்தார். இயக்கத்துக்கு அப்படியும் ஆட்கள் வேண்டியிருந்தது போலும்.

அவருடைய அறிவுக்கெல்லாம் ஊற்று, பாபநாசத்துக்கு வேனில் வரும் ருஷ்யப் புத்தகங்கள். வழவழப்பான காகிதம், விலையோ வேர்க்கடலை விலை. அவற்றில் ஒன்றை அவர் தலைமாட்டிலேயே வைத்திருந்தார். அட்டையில் ஒரு டிராக்டர். அதன்மேல் ரொட்டி போலப் புஷ்டியான ஒரு பெண். அவளுக்குப் பின்னால் அடிவானம் வரைக்கும் கோதுமை. ஒரே வயல். ஒரு வரப்பு, ஒரு வேலி, ஒரு கல் கிடையாது. உள்ளே இருந்ததை அவர் எத்தனை பக்கம் படித்தார் என்பது தெரியாது. அட்டையை முழுக்கப் படித்துவிட்டார். கோதுமைக்கு வயலில் தண்ணீர் கட்டி நிற்கவேண்டியதில்லை என்ற விவரம் அட்டையில் போட்டிருக்கவில்லை.

வீட்டு நிலத்தைப் பற்றி யாராவது கிண்டினால் தோழரிடம் பதில் தயாராக இருந்தது.

“நிலம் அம்மா பேர்ல இருக்கு. அம்மா இன்னும் கட்சியில சேரலை.”

அம்மா ஞானாம்பாள் எந்தக் கட்சியிலும் சேரக்கூடியவள் அல்ல. அவளுடைய கொள்கை அவளுடைய வரப்பு. ஒவ்வொரு வருஷமும் நடவுக்கு முன்னால் வரப்பின் பக்கத்தைப் புல்லோடு மண்வெட்டியால் சீவி, வயல் சேற்றை வாரி அப்பி, வழித்து மெழுகிவிடுவார்கள். அண்டை வெட்டுவது என்று பெயர். ஞானாம்பாள் குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்று அண்டை வெட்டவைப்பாள். வெட்டுகிறவன் வைரக்கண்ணு. இதே வைரக்கண்ணுதான் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர். காலையில் அம்மாவின் வரப்பைப் பூசிவிட்டு, சாயங்காலம் பிள்ளையோடு சேர்ந்து வரப்பு ஒழிக என்று கோஷம் போடுவார். இரண்டையும் மனப்பூர்வமாகச் செய்தார். இரண்டுக்கும் சாப்பாடு ஒரே வீட்டில்.

நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. மருதக்கரையில் பாதியை வைத்திருந்த மிராசுதார் சாரங்கபாணி மயிலாப்பூரில் உட்கார்ந்தபடியே மச்சினன், சமையல்காரன், கணக்குப்பிள்ளை என்று எல்லோர் பெயரிலும் நிலத்தை எழுதினார். வீட்டுப் பசுவின் பெயரிலும் எழுதியிருப்பார். அதற்குக் கைநாட்டு வைக்க வரவில்லை. அப்படியும் பன்னிரண்டு ஏக்கர் உபரி என்று மாட்டிக்கொண்டது. சர்க்கார் அதை எடுத்து, நிலமற்றவர்களின் கூட்டுப்பண்ணைச் சங்கம் என்ற பெயரில் ஊர்ப் பண்ணையாள் குடும்பங்களுக்கு விட்டது. நிலம் இல்லாதவர்களின் சங்கத்துக்குத் தலைவராக, நிலம் தன் பெயரில் இல்லாத தியாகராசன் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அந்தப் பன்னிரண்டு ஏக்கரின் கடைசிக் கட்டம், அதாவது கீழ்க்கோடித் துண்டு, ஞானாம்பாள் வயலை ஒட்டியிருந்தது. பொன்னுத்தாய்க்கு அந்தக் கட்டத்தின்மேல் ஒரு கண். ஆசை என்று அதற்குப் பெயர் வைக்கக்கூட அவள் பயந்தாள். ஊர் வயலெல்லாம் நட்டிருக்கிறாள். தான் நட்டதைத் தான் அறுத்துத் தன் வீட்டில் கொண்டுபோய்க் கொட்டியதில்லை. நாலு பக்கமும் வரப்பு போட்ட ஒரு துண்டு, அதன் மடையைத் திறக்கவும் அடைக்கவும் தன் கை. வேறொன்றும் இல்லை.

சங்கத்தின் முதல் கூட்டத்தில் தோழர் தீர்மானத்தைப் படித்தார். பன்னிரண்டு ஏக்கரிலும் உள்ள வரப்புகள் அனைத்தையும் ஒழித்து ஒரே வயலாக்குவது. பொன்னுத்தாய் எழுந்தாள்.

“கடைசிக் கட்டத்தை மட்டும் எங்கிட்ட விட்டுடுங்க தோழரே. சங்கத்துக்கு உண்டான பங்கை அளந்துடறேன். வரப்பை இடிக்க வேணாங்க.”

“பொன்னுத்தாயி, பன்னண்டு ஏக்கரும் உன்னுதுதான்.”

“பன்னண்டும் என்னுதுன்னா, நான் எந்த எடத்துலங்க நாத்த ஊனறது?”

“பன்னண்டுலயும்.”

“மத்தவங்க?”

“அவங்களும் பன்னண்டுலயும்.”

“அப்ப மடை தொறக்கறது யாரு?”

“சங்கம்.”

பொன்னுத்தாய் சுற்றிப் பார்த்தாள். சங்கம் அவளைச் சுற்றி உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தது.

“நல்லா கவனிங்க தோழர்களே,” என்றார் தியாகராசன், ஆஸ்பத்திரியில் நோயாளியைச் சுட்டிக் காட்டுவதுபோல. “இதுக்குப் பேரு சொத்து மனப்பான்மை. பொன்னுத்தாயி மேல தப்பில்லை. இது ஒரு வியாதி. அவங்களுக்கே தெரியாம ஒட்டிக்கிட்டிருக்கு.”

“ஆமாங்க, ஒட்டிக்கிட்டிருக்கு,” என்றார் வைரக்கண்ணு.

தீர்மானம் ஓட்டுக்கு விடப்பட்டது. அந்தக் கொட்டகையில் இருந்த ஒவ்வொருவரும் பால்பல் விழுந்த நாளிலிருந்து சேற்றில் நின்றவர்கள். கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும் காவிரி மண் கட்டத்துக்குக் கட்டம் ஒரு சாண் தாழ்ந்துகொண்டே போகிறது என்பதும், தண்ணீரைப் பயிரின் காலடியில் நிறுத்தி வைப்பது வரப்பு ஒன்றுதான் என்பதும் அவர்களுக்குப் பாடமில்லை, பழக்கம். சின்ன வயசில் அதே வரப்புகளிலிருந்து வழுக்கி விழுந்து முட்டி பெயர்ந்த தியாகராசனுக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எல்லோரும் கை தூக்கினார்கள். நிலம் தோழர் கை வழியாக வந்திருக்கிறது. தோழருக்கு அட்டைப்படம் வழியாக வந்திருக்கிறது. நடுவில் நாம் யார் என்று ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தூக்கினார்கள். பொன்னுத்தாயின் கையும் எழுந்தது. தூக்காத கையைத் தோழர் பார்க்கும் பார்வையில் அடுத்த நாள் வேலை போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். சாரங்கபாணி காலத்திலும் அவளுக்கு இதே பயம்தான். அப்போது கை தூக்கச் சொல்லவில்லை. அது ஒன்று குறைச்சல்.

வரப்பு ஒழிப்பு விழாவாக நடந்தது. ஜில்லாவிலிருந்து ஒரு பெரிய தோழர் ஜீப்பில் வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, போட்டோ எடுக்கும்வரை ஒரு வரப்பை வெட்டினார். மீதியை ஆட்கள் வெட்டினார்கள். பெண்கள் ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த வரப்பு, உளுந்து போட்டு ஒரு வேளைக் குழம்புக்கு வழி செய்துகொண்டிருந்த வரப்பு, எல்லாம் மண்ணாகிக் குவிந்தன. நாலைந்து தலைமுறை அண்டை பூசிப் பூசி ஊறிய மண். அதை என்ன செய்வது என்று தீர்மானத்தில் எழுதியிருக்கவில்லை. மறுநாள் ஞானாம்பாள் மாட்டுவண்டி கட்டி அனுப்பினாள்.

தியாகராசன் ஓடிவந்து வண்டியை மறித்தார். “என்னம்மா இது. ஜனங்க என்ன நெனைப்பாங்க?”

“வேணாம்னு வெட்டிப் போட்டீங்க, கெடக்கு. எனக்கு வேணும், அள்றேன். இதுல நெனைக்கறதுக்கு என்னடா இருக்கு? வைரக்கண்ணு, அந்தக் கறுப்பு மண்ணா பாத்து ஏத்து.”

செயலாளர் ஏற்றினார். மருதக்கரையில் ஒழிக்கப்பட்ட வரப்புகள் அத்தனையும் ஒழியாமல் மிஞ்சிய ஒரே வரப்பின்மேல் போய் ஏறிக்கொண்டன. பொது நிலத்துக்கும் ஞானாம்பாள் நிலத்துக்கும் நடுவே அது ஒரு சின்ன ஆற்றங்கரை போல எழும்பி நின்றது. வீடிழந்த நண்டுகளும் அங்கேயே குடியேறின.

குறுவை நடவு ஆயிற்று. தினமும் காலையில் வேலைக்கு முன்னால் கூட்டம். வேலையின் முக்கியத்துவத்தைப் பற்றித் தோழர் பேசி முடிக்கும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும். வெயிலில் களை எடுக்கச் சொல்வது சுரண்டல் என்பதால் ஆட்கள் கலைந்துவிடுவார்கள். ஆடு பயிரில் இறங்கினால் பன்னிரண்டு ஏக்கரின் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பார்ப்பார்கள். சங்கத்து வயலில் மேயும் ஆட்டைச் சங்கம்தானே ஓட்டவேண்டும். சங்கம் இன்னும் வரவில்லை என்று அவர்கள் நினைத்துக்கொண்டு நிற்க, ஆடு அவர்களைப் பார்த்துக்கொண்டே மேயும்.

தண்ணீரோ எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை. குடமுருட்டி ஆற்றிலிருந்து வாய்க்காலில் வந்து, தலைமடையில் நுழைந்து, தடுக்க ஆளில்லாத வயலில் நேராகக் கீழே ஓடியது. மேட்டுப்பக்கம் பயிர் வெடிப்பில் நின்றது. வயலில் கோரை வளர்ந்தது. கடைசிக் கட்டத்தில் நாற்று முழங்கால் தண்ணீரில் அழுகியது. சங்கக் கடனில் வாங்கிக் கொட்டிய யூரியாவும் தண்ணீரோடு கீழே வந்து ஞானாம்பாள் வரப்பில் முட்டி நின்றது. ஞானாம்பாள் வரப்பில் ஒரு சின்ன மடையைத் திறந்து வேண்டிய அளவு விட்டுக்கொண்டு, போதும் என்றபோது அடைத்தாள்.

“ஏண்டா தியாகு,” என்றாள் மகனுக்குச் சோறு போட்டபடி. “இந்த வருஷம் நான் உரமே போடலை. பயிரு கருகருன்னு நிக்குது. உங்க தத்துவத்துல எதாவது நல்லதும் இருக்கும் போலருக்கே.”

தோழர் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

கடைசிக் கட்டம் அழுகுவதை நாலு நாள் பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள் பொன்னுத்தாய் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய், மேலிருந்து வரும் தண்ணீருக்குக் குறுக்கே சேற்றை வாரி வைத்து ஒரு வரப்பு போட்டாள். இடுப்பளவு சேற்றில் நின்று கையாலேயே வழித்துப் பூசினாள். பாதிப் பயிராவது பிழைக்கும் என்பது அவள் கணக்கு.

மறுநாள் அவசரக் கூட்டம். பொது நிலத்தில் தனி வரப்பு. எதிரி வெளியே இல்லை, உள்ளேயே இருக்கிறான் என்றார் தோழர். அரை நாள் பேசினார். பிறகு கூட்டத்தை வயலுக்கு அழைத்துப் போய், வைரக்கண்ணுவின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி, அந்த வரப்பைத் தானே வெட்டினார். உழைப்பாளிகள் இயக்கத்தில் அவர் செய்த முதல் உடலுழைப்பு அது.

மண்வெட்டி பிடிக்கத் தெரியாமல் அவர் வெட்டுவதைப் பொன்னுத்தாய் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“காலப் பாத்து வெட்டுங்க தோழரே. அப்படியே அந்தத் தீர்மானத்தத் தண்ணிகிட்டயும் ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க. கேட்டாலும் கேக்கும்.”

தண்ணீர் கேட்கவில்லை. அறுப்பில் பன்னிரண்டு ஏக்கரின் நெல்லும் களத்தின் ஒரு மூலையில் அடக்கமாக உட்கார்ந்துகொண்டது. பங்கு எப்படி? அவரவர் தேவைக்கு ஏற்ப என்றது புத்தகம். தேவையைச் சொல்லச் சொன்னார்கள். முதல் நாலு குடும்பம் தேவையைச் சொன்னதுமே குவியல் தீர்ந்துவிடும் போலிருந்தது. எல்லாவற்றிலும் பெரிய தேவை சங்கத்துக்கே இருந்தது தெரியவந்தது. ஜில்லாத் தோழர்கள் வந்துபோன செலவு. பொன்னுத்தாய் முந்தானையில் கொண்டுபோகும் அளவுக்கு வாங்கிக்கொண்டு போனாள். பக்கத்து வயலில் ஞானாம்பாள் நெல்லை ஏற்ற இரண்டாவது வண்டி தேடிக்கொண்டிருந்தாள்.

மேலிடத்துக்குத் தோழர் அனுப்பிய அறிக்கையில் மருதக்கரைப் பரிசோதனை ஒரு வரலாற்று வெற்றி என்று இருந்தது. விளைச்சலைத் தவிர மற்ற எல்லாத் துறைகளிலும் முன்னேற்றம். விளைச்சல் குறைந்ததற்குக் காரணம் சாரங்கபாணியின் கையாட்கள். மயிலாப்பூரில் அப்போது சாரங்கபாணி கண் ஆபரேஷன் செய்துகொண்டு கட்டோடு படுத்திருந்தார். அது சதியின் ஆழத்தையே காட்டுகிறது. தத்துவத்தில் ஒரு தவறு இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தத்துவம் சரி, தண்ணீர் சரியில்லை. மண் சரியில்லை. முக்கியமாக மனிதர்கள் சரியில்லை. வேறு மனிதர்கள் கிடைத்தால் நாளைக்கே செய்து காட்டிவிடலாம்.

அடுத்த வருஷம் இன்னும் மோசம். அதற்கடுத்த வருஷம் சங்கத்து நிலத்தின் உரிமையாளர்கள் ஒவ்வொருவராகக் கூலிக்கு நடவுக்குப் போனார்கள். பக்கத்திலேயே, ஞானாம்பாள் வயலுக்கு.

பிறகு ஆட்சி மாறியது. கொடியில் ஒரு நிறம் கூடியது, மேடை அதேதான். பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, மந்திரி வந்து பன்னிரண்டு ஏக்கரையும் குடும்பத்துக்கு ஒரு துண்டாகப் பட்டா கொடுத்தார். இது நிலத்தைத் துண்டாடும் சதி என்று தோழர் கறுப்புக்கொடி காட்ட ஏற்பாடு செய்தார். காட்டவேண்டியவர்கள் எல்லோரும் பட்டா வாங்கும் வரிசையில் நின்றதால் கொடியைப் பிடிக்க ஆளில்லை. வைரக்கண்ணு வரிசையில் முதலாவதாக நின்றார்.

கடைசிக் கட்டத்தை வேறு யாரும் கேட்கவில்லை. தோழர் வீட்டு நிலத்துக்கு அண்டை அயலாக இருக்க ஊரில் எவருக்கும் தெம்பில்லை. பொன்னுத்தாய் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஒரு வாரத்துக்குள் பன்னிரண்டு ஏக்கரிலும் வரப்புகள் எழுந்துவிட்டன. கூட்டமில்லை, தீர்மானமில்லை, ஜீப்பில் யாரும் வரவில்லை. பொன்னுத்தாய் தன் கட்டத்தின் வரப்பில் பிள்ளைகளை நடக்கவிட்டுப் பின்னாலேயே நடந்தாள். அந்த வருஷத் தைமாதம் அவள் வீட்டில் நெல் கொட்ட இடமில்லாமல் பானைகளை வெளியே எடுத்து வைத்தாள்.

ஞானாம்பாள் காலமானாள். ஆறு மாவும் மகன் பெயருக்கு வந்தது. ரோட்டோரத்தில் டீக்கடை வைத்திருந்த ஜெக்கரியா கிளாசைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

“என்னங்க தோழர், நெலம் உங்க பேருக்கு வந்துடுச்சாமே?”

“வரலாற்றுச் சூழ்நிலை,” என்றார் தியாகராசன். “தனிமனுஷன் என்ன செய்ய முடியும்?”

“அதுவும் சரிதான். சர்க்கரை தூக்கலாப் போடவா?”

நிலம் பெயருக்கு வந்த அந்த வருஷமே தோழரிடம் ஒரு மாற்றம். நடவுக்கு முன்னால் குடை பிடித்துக்கொண்டு வயலுக்கு வந்தார். அம்மாவின் குடை.

“வைரக்கண்ணு, இந்தப் பக்கம் இன்னும் ஒரு சீவு சீவு.”

வைரக்கண்ணு சீவினார். தன் பக்கத்து அண்டையை ஆழமாகச் சீவினால் வயல் ஒரு விரற்கடை அகலமாகும். வரப்பு மெலியும். மேல்வயல்காரி பொன்னுத்தாய் தண்ணீர் ஒழுகாமலிருக்கத் தன் பக்கம் மண் அப்பியாக வேண்டும். அடுத்த வருஷமும் இப்படியே. வரப்பு நகர்ந்ததை யாரும் பார்க்கமாட்டார்கள். வரப்பு மட்டும் மேல்வயலுக்குள் போய்க்கொண்டிருக்கும். காவிரிக் கரையில் எந்தப் புத்தகமும் படிக்காதவர்கள் காலங்காலமாகச் செய்துவரும் காரியம். தோழர் புதிதாக ஒன்றைச் சேர்த்தார்: மனசாட்சி உறுத்தாத விளக்கம். வரப்பு ஒழிப்பைப் படிப்படியாகச் செய்யவேண்டும் என்பதுதான் இப்போது கட்சியின் நிலை என்று வைரக்கண்ணுவிடம் சொன்னார்.

சில வருஷம் கழித்து வைரக்கண்ணுவே மண்வெட்டியை நிறுத்தினார். “போதுங்க தோழரே. அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியுது.”

“சும்மா சீவு.”

பொன்னுத்தாய் தன் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மூத்த பெண்ணை ஒரத்தநாட்டில் கட்டிக்கொடுத்துவிட்டாள். சின்னவள் படிக்கிறாள். இரண்டுக்கும் இந்த ஒரு கட்டம்தான். அது வருஷத்துக்கு வருஷம் ஒடுங்கி, வரப்போரம் அவள் நட்டிருந்த அகத்திக்கன்று இப்போது நட்டநடு வரப்பில் நின்றது.

“தோழரே, அகத்தியக் கொஞ்சம் பாருங்க. நட்டப்ப எங்க வயல்ல இருந்துச்சு.”

“மரம் நகருமா பொன்னுத்தாயி?”

“நகராதுங்க. அதான் கேக்கறேன்.”

“இத்தனை வருஷமாகியும் உனக்கு அந்த வியாதி போகலை,” என்றார் தோழர் வருத்தத்தோடு. “ஒரு சாண் மண்ணுல என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்லீங்க,” என்றாள் பொன்னுத்தாய். “அப்படின்னா எனக்கும் ஒண்ணுமில்லை.”

அந்த வருஷம் அவள் தன் பக்கம் மண் அப்பவில்லை. சின்னவள் பதறினாள். “ஏம்மா, வரப்பு பேப்பர் மாதிரி நிக்குது. நம்ம உரமெல்லாம் அங்க ஓடிடும்.”

“ஓடட்டும். கொஞ்சம் போவும். ஐப்பசி வரட்டும்.”

அவளுக்கு அது விளையாட்டில்லை. உரம் கொஞ்சமா முழுசுமா என்பது மழையைப் பொறுத்தது; முழுசும் போனால் சின்னவள் படிப்பு நிற்கும். வரப்பைப் பார்க்காமல் போகவும் முடியாமல், பார்த்துச் சேறு அள்ளிவிடாமல் இருக்கவும் முடியாமல், அவள் கையைக் கட்டிக்கொண்டு மாசங்களைத் தள்ளினாள்.

ஐப்பசி வந்தது. வானம் கிழிந்தாற்போல மூன்று நாள் மழை. மேல்வயல்களின் தண்ணீரெல்லாம் கட்டம் கட்டமாக இறங்கி, பொன்னுத்தாய் வயலில் நிறைந்து, அந்த மெலிந்த வரப்பில் வந்து சாய்ந்தது. உடைந்தால் அவளுக்கு உரமும் மேல்மண்ணும் போகும், பயிர் நிற்கும். தாழ்ந்து கிடக்கும் தோழர் வயலில் இளம் நடவு மொத்தமும் வண்டலுக்கு அடியில் போய்விடும். குடியேறிய நண்டுகளின் சந்ததிகள் வரப்பை வலை போலத் துளைத்து வைத்திருந்தன. துளைக்குத் துளை நூல் நூலாகத் தண்ணீர் கொட்டியது.

வைரக்கண்ணு தன் சொந்தத் துண்டின் வரப்பைக் காப்பாற்றப் போயிருந்தார். கூப்பிட்டாலும் வரமாட்டார். தோழர் தியாகராசன் குடையை மடக்கி வைத்தார். வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார்.

பொன்னுத்தாய் சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு தன் வயலைப் பார்க்க வந்தபோது, அவர் இடுப்பு வரை சேற்றில் நின்றுகொண்டிருந்தார். சிவப்புத் துண்டைச் சுருட்டிப் பெரிய துளை ஒன்றில் திணித்திருந்தார். தன் வயலிலிருந்தே, தான் நட்ட நாற்றோடு சேர்த்து மண்ணை வெட்டி எடுத்து, வரப்பின்மேல் வைத்து, கையால் வழித்துக்கொண்டிருந்தார். வருஷக்கணக்கில் சீவிய அகலம் அத்தனையும் அவர் பக்கத்திலேயே திரும்ப எழும்பிக்கொண்டிருந்தது. அகத்தி வரப்பின் ஓரத்துக்கு வந்திருந்தது. பூச்சும் பரவாயில்லை. இத்தனை வயசுக்கு மேல் மண்வெட்டி பிடிக்க வந்துவிட்டது.

அவள் வரப்பில் ஏறி நின்றாள்.

“தீர்மானம் எதாச்சும் போட்டிருக்கீங்களா தோழரே? கை தூக்கணும்னா தூக்கறேன்.”

அவர் நிமிரவில்லை. அவள் கால் பதிந்த இடத்தில் ஈரமண் சரிவதைப் பார்த்தார். ஒரு கை சேற்றை எடுத்து அந்த இடத்தில் வைத்து, தட்டி, விரலால் மெழுகினார்.

“வரப்பு மேல நிக்காத பொன்னுத்தாயி,” என்றார், மழைச் சத்தத்தில் பாதி கேட்கும்படி. “புது மண்ணு, கரைஞ்சிடும். இறங்கி வயல்லயே நடந்து போ.”